தாயில்பட்டி லூப்

யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தபோது நாதியா எழுந்திருக்கவில்லை. மவுஸிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

சிவகாசி பஜார் முழுக்கக் கரண்ட் போயிருந்தது. பேட்டரி கிழடு. அது மூச்சை விடுவதற்குள் திரையில் ஊர்ந்துகொண்டிருக்கும் பச்சைக் கோடு மறு முனையைத் தொட வேண்டும். தொட்டால்தான் ஒலி ஃபைலாகும். ஃபைல் பென் டிரைவில் ஏற வேண்டும். பென் டிரைவ், கீழே உறுமிக்கொண்டு நிற்கும் மதுரை பஸ்ஸின் கண்டக்டர் கைக்குப் போக வேண்டும்.

தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போன். அதில் மதுரை விளம்பரக்காரர் ஜெயச்சந்திரன்.

"வேவ் ஃபைலா அனுப்புறேன் சார்" என்றாள்.

"நான் கேட்டது ரெக்ஸ்."

"தெரியும் சார்."

லூப் என்பது சில நொடிகளே ஓடும் தாளத் துண்டு. வாலைத் தலையோடு ஒட்டிச் சுற்றவிட்டால் எத்தனை நேரமானாலும் ஓடும். எந்த வடிவத்தில் அதைச் சேமிக்கிறோம் என்பதில்தான் தலையெழுத்து இருக்கிறது. எம்.பி.த்ரீ சின்னது, கைக்கு அடக்கம். ஆனால் ஓரத்தில் நூலளவு மௌனத்தை ஒட்டிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தாளத்துக்குக் கால் இடறும். ரெக்ஸ் என்றால் ஒவ்வொரு தட்டும் தனித்தனித் துண்டாகப் போகும். வாங்குகிறவர் வேகத்தைக் கூட்டலாம், மாற்றி அடுக்கலாம். வேவ், பதிந்தது பதிந்தபடி.

"நாதியா, மூணு தட்டு விழுது. அப்புறம் ஒரு பள்ளம். அப்புறம் ரெண்டு தட்டு. அந்தப் பள்ளம் எனக்கு வேண்டாம். மொதலாளி கும்பிட்டுக்கிட்டே நடந்து வர்ற சீன் அது, துள்ள வேண்டாமா? துண்டாக் குடுத்தா நானே மூடிக்கிருவேன்."

"பள்ளத்தை மூட விட மாட்டேன் சார்."

எதிர்முனையில் நாற்காலி கிறீச்சிட்டது. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். வேவ்தான் சார் என்றாள். அப்படியானால் இந்த சீசனில் மிச்சமுள்ள விளம்பரம் எல்லாம் மதுரை ஸ்டூடியோவுக்குப் போய்விடும் என்றார். நாதியா போனை வைத்துவிட்டாள்.

பச்சைக் கோடு முனையைத் தொட்டது.

அந்த மிரட்டல் சும்மா இல்லை. இந்த மாடி அறை அண்ணன் சாபிருடையது. விளம்பர ஆர்டர் நிலைத்தால் அறை ஸ்டூடியோவாக இருக்கும். நிலைக்காவிட்டால் ஆவணியில் இங்கே ரீசார்ஜ் கடை. சாபிர் அதற்கு போர்டு கூட எழுதக் கொடுத்துவிட்டான்.

விளம்பரம் அய்யாதுரை முதலாளியின் பட்டாசுக் கம்பெனிக்கு. தொழிலாளிகள் வேலை செய்யும் சத்தத்தையே தாளமாக்க வேண்டும் என்பது ஜெயச்சந்திரனின் யோசனை. முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் கம்பெனிக்குள் போய்ப் பதிய முடியாது. பேட்டரி போட்ட எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. செருப்பு கூட வெளியேதான்.

அதனால் நாதியா தாயில்பட்டிக்குப் போனாள், குருவம்மாள் வீட்டுக்கு.

குருவம்மாள் அதே கம்பெனியில் குழாய் செட்டில், அதாவது காகிதக் குழாய் செய்யும் கொட்டகையில், வேலை பார்த்தவள். காகிதக் குழாய்களை உருட்டி, கட்டுக் கட்டாகச் சேர்த்து, பலகையில் தட்டி மட்டம் செய்வது அவர்கள் வேலை. சரக்கு திருட்டுப் போகிறது என்று சொல்லி, அய்யாதுரை அந்த செட்டின் பின்கதவைப் பூட்டினார். வெடிமருந்து அறை பக்கத்திலேயே இருக்கிறது, ஒன்று நடந்தால் எந்த வழியாக ஓடுவது என்று குருவம்மாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. இப்போது வீட்டிலேயே குழாய் உருட்டுகிறாள், வேறு கம்பெனிக்கு.

ஞாயிற்றுக்கிழமை பழைய தோழிகளை அவளே கூட்டி வைத்திருந்தாள். பலகைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் தட்டிய தாளம் எதுவும் தேறவில்லை. மைக்கைப் பார்த்ததும் கை விறைத்துக்கொண்டது.

"ஏட்டி, நம்ம தட்டைத் தட்டுங்கடி" என்றாள் குருவம்மாள்.

கொல்லென்று சிரிப்பு. பொன்மணி என்பவள் மட்டும் பயந்துபோய், அது வேண்டாம் மதினி என்றாள். "வேண்டாம்னா எப்பத்தேன் வேணும்?" என்று குருவம்மாள் குழாய்க் கட்டைத் தூக்கி முதல் தட்டைப் போட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்று சின்னத் தட்டு. ஒரு மூச்சு இடைவெளி. இரண்டு கனத்த தட்டு. நாதியா ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். இத்தனை கைகளும் ஒரே கையாக விழுந்தன.

புறப்படும்போது குருவம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "பாப்பா, என்னமும் செய்யி. அந்த இடைவெளியில மட்டும் கையை வைக்காத." காரணத்தைக் காதோடு சொன்னாள். நாதியா சிரித்த சிரிப்பில் கோழிகள் விலகி ஓடின. சிரிப்பு அடங்கிய பிறகு, உயிரே போனாலும் வெட்ட விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

வேவ் ஃபைலையும் வெட்டலாம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அதற்கும் ஒரு வழி செய்திருந்தாள். தட்டுகளைத் தனித்தனியாகச் சுத்தம் செய்யவில்லை. அடியில் காகிதச் சரசரப்பு, வாசலில் கொக்கரித்த கோழி, மின்விசிறியின் முனகல், எல்லாவற்றையும் இடைவெளிக்குள்ளும் ஓடவிட்டிருந்தாள். நடுவில் கத்தி வைத்தால் சரசரப்பு அறுந்து, தாளம் விக்கும். பொறுமையாக உட்கார்ந்தால் அதையும் சரி செய்யலாம். ஆனால் ஆடிப் பதினெட்டு பூஜைக்கு விளம்பரம் ஓடியாக வேண்டும். ஜெயச்சந்திரனிடம் இல்லாதது பொறுமையும் நேரமும்தான்.

பென் டிரைவை உருவினாள். யு.பி.எஸ். கடைசியாக ஒரு முறை முனகி அணைந்தது.

படியில் சாபிர் மறித்து நின்றான். ஜெயச்சந்திரன் அவனுக்கும் போன் செய்துவிட்டார் போல.

"கேட்டதைக் குடுத்தா என்ன? தாளம் உனக்கு மாமனா மச்சானா?"

"வழி விடுண்ணே."

"ஆவணியில ரூம் போயிரும், பாத்துக்க."

"போகட்டும். உன் கடை போர்டுல எழுத்துப்பிழை இருக்கு, மொதல்ல அதைப் பாரு."

அவன் குழம்பிய நொடியில் அவள் கீழே இறங்கிவிட்டாள். நகர ஆரம்பித்த பஸ்ஸின் கூடவே ஓடி, கவரைக் கண்டக்டர் கையில் திணித்தாள்.

மறுநாள் ஜெயச்சந்திரன் சுருக்கமாகப் பேசினார். வெட்டிப் பார்த்தாராம், விக்கியதாம். வேறு வழியில்லாமல் முழுசாகவே போட்டுவிட்டாராம். இனிமேல் இந்தப் பக்கம் போன் செய்ய வேண்டாம் என்றார். நாதியா நன்றி சொன்னாள்.

ஆடிப் பதினெட்டு. அன்று வேலை கிடையாது, பேட்டரி விதியும் கிடையாது; கம்பெனி முற்றத்தில் பந்தல். வாடகைக்கு எடுத்த பெரிய டி.வி., ரோடு பிரியும் நாரணாபுரம் விலக்கு வரை கேட்கும் ஸ்பீக்கர். தொழிற்சாலை ஆய்வு அதிகாரி ஒருவர் மாலையோடு மேடையில் இருந்தார். குருவம்மாளை உள்ளே விடமாட்டார்கள். அவளும் நாதியாவும் கேட் கம்பிக்கு வெளியே நின்றார்கள்.

பூஜை முடிந்தது. விளம்பரம் ஓடியது. திரையில் வெள்ளை வேட்டியில் அய்யாதுரை, கைகூப்பியபடி நடந்து வந்தார். கூடவே மூன்று தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு.

குழாய் செட் வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி சட்டென்று எழுந்தாள். எழுந்தவள் சுற்றுமுற்றும் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கேதான் சிரிப்பு பிறந்தது. வரிசை வரிசையாகப் பரவி, திரையில் முதலாளி வரவரப் பெரிதாகி, பந்தலே குலுங்கியது. கேட்டுக்கு வெளியே குருவம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அய்யாதுரைக்கு முகம் மலர்ந்தது. தன் ஆட்களுக்கு விளம்பரம் இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று நினைத்தார். மைக்கோடு இறங்கி வந்து, முன்வரிசையில் இருந்த பொன்மணியிடம் நீட்டி, அதிகாரி சார் கேட்கும்படி சொல்லம்மா, என்ன அப்படிப் பிடிச்சிருக்கு என்றார்.

பொன்மணி மைக்கைப் பார்த்தாள். பிறகு தூரத்தில் கேட்டைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். இந்த முறை அவள் கை விறைக்கவில்லை.

"இது எங்க தட்டு மொதலாளி. மூணு தட்டு விழுந்தா நீங்க உள்ள வந்துட்டீகன்னு அர்த்தம். ரெண்டு தட்டு விழுந்தா பின்கதவை இழுத்து மூடுன்னு அர்த்தம். நடுவுல உள்ள இடைவெளி, கதவோரம் இருக்கிறவ எந்திரிக்கிறதுக்கு."

ஸ்பீக்கர் ஒவ்வொரு சொல்லையும் நாரணாபுரம் விலக்குக்குக் கொண்டுபோனது. மேடையில் அதிகாரி மாலையைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

"பூட்டு சும்மா தொங்குது மொதலாளி. பூட்டு மாட்டுற கொண்டியில ஆணி கெடையாது, நீங்க வேலையை விட்டு நிறுத்துன அன்னைக்கே குருவம்மா மதினி அதைப் பிடுங்கிட்டு, இந்தத் தட்டையும் பழக்கிக் குடுத்துட்டுத்தேன் போச்சு. நீங்க பூட்டுன கதவு ஒரு நாளும் பூட்டிக் கெடக்கல."