மூக்கையா எழுதிய முதல் கடிதம்

இலங்கை ரப்பர் தோட்டக் கூலி மூக்கையாவின் துண்டில் நூற்று நாற்பத்தேழு ரூபாய் முப்பத்தைந்து சதம் ஏறியிருந்தது. துண்டு என்பது கடன் சீட்டு. அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டம் ஆளைக் கொண்டுபோகலாம்; அதுவரை ஆள் பெரிய கங்காணியின் பிடியில். கடனில் பாதிக்கு மேல் மகன் தேவவரத்துக்காக வாங்கியது. வேதசாஸ்திரம் படிக்கப் பெங்களூர் போனவனுக்குக் கப்பல் கூலி, ஒரு கோட்டு, பிறகு தலையணை கனத்தில் ஒரு கிரேக்கு அகராதி.

மகன் காகிதத்தை வீணாக்க மாட்டான். கிரேக்குப் பாடம் எழுதிப் பழகிய தாளின் பின்புறத்தில்தான் வீட்டுக்கு எழுதுவான். அதை வாசிக்கத்தான் மூக்கையா நாற்பத்தாறு வயதில், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் குழந்தைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றார். தமிழ்ப் பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பிக் கிரேக்கையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்பாள் மனைவி கருப்பாயி.

"தெரியாது. நம்ம புள்ள எழுதினது."

மகனின் கடைசிப் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கையில் கங்காணி கூப்பிட்டார்.

"கடன் கழுத்துக்கு வந்திருச்சுடா. ஒம் பொஞ்சாதி பேர்லயும் ஒரு துண்டு இருக்குல்ல, அதைப் பலாங்கொடைத் தோட்டத்துக்காரன் கேக்குறான், குடுத்திரவா? இல்லேன்னா மவனைக் கூப்பிட்டு இங்க பேர் பதி. பொறுத்துக்கிறேன்."

ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு; லேசில் ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார். வெறும் மிரட்டலாக இருக்கும் என்று மூக்கையாவுக்கே தோன்றியது. பாதிரியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கைக்கு எழுத்து வந்திருந்ததே! யாரையும் கெஞ்சாமல் தானே எழுதலாம் என்ற பெருமை வேறு. இரண்டு சாயங்காலம் குந்தி எழுதினார். "கடன் பெருத்துவிட்டது. அம்மாவைப் பலாங்கொடைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். வா." பிறந்ததிலிருந்து அவர் எழுதிய முதல் கடிதம் அது.

தேவவரம் வந்தான். ரம்புக்கனையில் ரயில் இறங்கிய மறுநாளே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் பதிந்து ரப்பர் கத்தியை வாங்கிக்கொண்டான். மரத்துக்கு மரம் வாய்க்குள் கிரேக்கு ஓடும்.

"என்ன சாமி, மரத்துக்குப் பிரசங்கமா?" என்பான் பக்கத்து நிரையில் பால் வெட்டும் கன்னையா.

"மரமாச்சும் குறட்டை விடாம கேக்குதுண்ணே."

சில மாதத்தில் முணுமுணுப்பு நின்றுபோனது. கன்னையாவும் கேலியை விட்டுவிட்டான்.

பதினோராம் மாதம் தோட்டத்துத் துரையே பெரட்டுக்கு வந்தார். துண்டை ஒழித்துச் சட்டம் வந்துவிட்டதாம். பழைய கடனெல்லாம் தள்ளுபடி.

"மொத்தமுமாங்க?" என்றார் மூக்கையா.

"மொத்தமுந்தான். ஒனக்கு யோகம்டா," என்றார் கங்காணி.

மூக்கையா மகன் பக்கம் திரும்பினார். "நீ இனி போகலாமே?"

"காலேஜுக்கு முன்னமே எழுதிக் கேட்டேம்ப்பா. என் எடத்துக்கு வேற ஆள் வந்தாச்சாம்."

"நாலே மாசம். அந்தக் காயிதத்தை நான் எழுதாம இருந்திருந்தா..."

"எழுத்து நல்லா இருந்துச்சுப்பா," என்றான் தேவவரம். "அகராதிக்குள்ளதான் வச்சிருக்கேன்."

கங்காணி சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துத் துண்டை நீட்டினார். தம் பேரையும் தொகையையும் மூக்கையா யார் உதவியும் இல்லாமல் வாசித்தார். நூற்று முப்பத்தொரு ரூபாய் முப்பத்தைந்து சதம். மகனுடைய பதினோரு மாதம் கழித்திருந்தது பதினாறு ரூபாய்.