சாந்தியாகோ நேரம்

எங்கள் ஊரில் காற்று அடித்தால் எனக்குக் கவலையில்லை. நின்றால்தான் பயம். பூமியின் தென்கோடியில் இருக்கும் புந்தா அரேனாஸில் கோடை முழுக்கக் காற்று ஆளைத் தள்ளும். மார்ச் கடைசியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓயும், இலையுதிர்காலம் வந்து மலையில் லெங்கா மரங்கள் சிவக்கும், ஊரே படம் பிடிக்கக் கிளம்பும். என் தம்பி உபால்டோ அன்றைக்குப் படுப்பான்.

படுப்பான் என்றால் தூங்குவான் என்று அர்த்தமில்லை. சுவரைப் பார்த்தபடி கிடப்பான். நண்டுப் படகில் வேலை பார்த்தவன், கோடையில் இரவு வரை நீளும் வெளிச்சத்தில் கூரைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டே பாடுகிறவன், ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக்கூட எழுந்திருக்க மாட்டான்.

நான் பார்க்காத வைத்தியமில்லை. மதிய வெயில் விழும் சன்னலோரம் நாற்காலி போட்டேன். கண் கூசும் விளக்கு ஒன்று வாங்கி வைத்தேன். மாத்தே இலைத் தேநீர் கலந்து கையில் திணித்தேன். கத்தினேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை, அதனால் அவனுக்கு ஒரு பலனும் கிடைத்ததில்லை. போன ஜூலையில், நடுக் குளிர்காலத்தில், நீரிணைக் கரையில், பனியில், கோட்டு இல்லாமல் நின்றவனை மீனவர்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஏன் போனாய் என்று நான் கேட்கவில்லை. பதிலை நினைத்துப் பயம்.

அதனால் இந்த வருடம் கோடையிலேயே மனநல மருத்துவரிடம் நேரம் கேட்டு வைத்தோம். ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி என்றார்கள். இருட்டு மூடுவதற்குள் மருந்து ஆரம்பித்துவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிடுவான். என் நம்பிக்கையெல்லாம் அந்தப் பத்து மணியில்தான் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அவன் கட்டிலருகே போய் நின்றேன்.

"நானும் வர்றேன்டா. பேக்கரில லீவு சொல்லிக்கிறேன்."

"வேண்டாம்க்கா. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் என்ன சின்னப் புள்ளையா? நானே போறேன்."

"எந்திரிப்பியா?"

"எந்திரிப்பேன்."

"நேத்து சூப் குடிக்கவே எந்திரிக்கல நீ."

"அது நீ வச்ச சூப்பு. அதுக்கெல்லாம் எவன் எந்திரிப்பான்?"

காற்று நின்ற பிறகு அவன் அடித்த முதல் கிண்டல். அதில் மயங்கிச் சரி என்று சொல்லிவிட்டேன்.

காலையில் பேக்கரிக்குப் போனேனே தவிர மனசு மாவில் இல்லை. பாதி வேலையில் கிளம்பி மருத்துவமனைக்கு எதிர்ப்புறம் போய் நின்றேன். பத்து ஆனது. அவன் வரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே போய் வரவேற்பில் இருந்த நெல்டாவிடம் கெஞ்சினேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். படுக்கையோடு அவனைக் கவிழ்த்துவிடுவது என்று வீட்டைப் பார்த்து நடந்தேன்.

முக்கில் அவனே எதிரே வந்தான். சவரம் செய்து, முகவாயில் இரண்டு வெட்டு. அப்பாவின் பழுப்புக் கோட்டு. ஷூவுக்குப் பாலிஷ். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"உளவு பாக்க வந்தியாக்கா? கொஞ்சங்கூட நம்பிக்கை கிடையாது உனக்கு. பாரு, நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டேன்."

போனை நீட்டினான். ஒன்பது நாற்பது. என் கைக்கடிகாரத்தில் பத்து நாற்பது.

ஏப்ரலில் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், எங்கள் மாகாணத்தைத் தவிர. குளிர்காலச் சாயங்காலத்தில் துளி வெளிச்சமாவது மிஞ்சட்டும் என்று நாங்கள் வருடம் பூராவும் கோடை நேரத்தையே வைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய போன்களுக்கு இது தெரியாது. தலைநகர் சாந்தியாகோவோடு சேர்ந்து தாமாகவே மாறிக்கொள்ளும். வருடா வருடம் வானொலியில் எச்சரிப்பார்கள், நாங்களும் போனைத் திட்டிக்கொண்டே சரிசெய்வோம். சுவரைப் பார்த்துக் கிடந்தவன் வானொலியை எங்கே கேட்டான்?

திட்ட வந்தவள் என் கைக்கடிகாரத்தை அவன் போனுக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

"டேய், இது சாந்தியாகோ நேரம்டா."

போனையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஓ" என்றான்.

இருந்தாலும் அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

"டாக்டர் அடுத்தாளப் பாத்துட்டிருக்காங்கம்மா. மதியம் வெளியூர் போறாங்க," என்றாள் நெல்டா. "இனிமே ஜூலைலதான் இருக்கு."

"இவனக் கொஞ்சம் பாருங்க. சவரம் பண்ணிட்டு வந்திருக்கான்," என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவள் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "ரொம்ப முடியலன்னா அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. என்னால இவ்வளவுதான் சொல்ல முடியும்."

"ஜூலையா," என்றான் உபால்டோ, தனக்குள்.

அவசரப் பிரிவுக்கு வரமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். வழியில் ஒரே ஒரு வார்த்தை பேசினான்: "காத்தே இல்லல்லக்கா." வீட்டுக்கு வந்ததும் கோட்டோடும் ஷூவோடும் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாத்தேக்குத் தண்ணீர் வைக்கச் சமையலறைக்குப் போனேன். சுவர்க் கடிகாரத்துக்கு அடியில் நாற்காலி கிடந்தது. தண்ணீர் ஊற்றிக்கொள்ள எழாதவன், அதில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி, தூசி துடைத்து, போனைப் பார்த்து ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி மாட்டியிருந்தான். நேரம் தவறிவிடக் கூடாதே என்று.

வாய்விட்டு அழுதேன். பிறகு நாற்காலியைத் தூக்கிப் போய் அவன் கட்டிலருகே போட்டு உட்கார்ந்துகொண்டேன். கடிகாரத்தைத் திருப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை.