வளைவில் நின்ற கறிவேப்பிலை

அந்தப் பெண் டேவான் மண்டபத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கியதுமே ஐயாசாமிக்குத் தெரிந்துவிட்டது, இது பேப்பரோடு வந்திருக்கிற ஆள் என்று. தலையில் முக்காடு, கழுத்தில் அட்டை, மேலே பளபளவென்று மஞ்சள் சட்டை. காரின் பின்பக்கத்திலிருந்து முக்காலி ஒன்றை எடுத்து விரித்து, அதன் உச்சியில் கேமராவை மாட்டினாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சும்மா நிற்கிறவர்களால் தொல்லையில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களைத்தான் நம்பக் கூடாது. அவர் முன்பு வேலை பார்த்த தோட்டத்திலும் ஒருநாள் இப்படித்தான் இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்தார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள், வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தார்கள். கொஞ்ச நாளில் லயத்து வீடுகளும் இல்லை, தென்னையும் இல்லை. அன்றிலிருந்து அளக்க வருகிறவர்களுக்கு ஐயாசாமி பச்சைத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை.

அவர் வீடு ஸ்கூடாய்க்கு உள்ளே தள்ளி இருக்கும் தாமான் குடியிருப்பில், வளைவில் உள்ள மூலை வீடு. பெரிய ரோட்டிலிருந்து உள்ளே நுழைகிற எந்த வண்டியும் அவர் வீட்டைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். திரும்பியதும் எதிரே டேவான். வேலிக்கு வெளியே, லொங்காங் கால்வாய்க்கும் அந்தப் பக்கம், ரோட்டோரமாக அவர் வைத்த கறிவேப்பிலை நிற்கிறது. வைத்தது ஒரே ஒரு கன்றுதான். அது வேரிலிருந்து வெடித்து வெடித்து, இப்போது வளைவு முழுக்க ஒரு பச்சைச் சுவர். நிலம் முனிசிபலுடையது என்பது அவருக்கும் தெரியும். ஒருமுறை ஒருவன் வந்து அதைச் சொன்னான். ஐயாசாமி காது கேட்காதவர்போல அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் போய்விட்டான்.

அந்த மரத்தால் அவருக்கு ஊர் நடமாட்டமே வீட்டு வாசலுக்கு வந்தது. மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், தாளிக்கப் போகிற நேரத்தில் இலை இல்லையென்று ஓடி வருகிறவர்கள், எல்லாரும் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி ஒரு கொத்தைக் கிள்ளிக்கொண்டு போவார்கள். போர்ச்சில் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஐயாசாமி திட்டுவார். "கொப்ப ஒடிக்காத, கிள்ளு! உங்க அப்பன் வீட்டு மரமா?" என்பார். "ஒரு கன்னு வச்சுக்க வக்கில்ல, தினமும் சாம்பார் மட்டும் வேணும்" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். போகிற போக்கில் யாருக்குக் கல்யாணம், யாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், எவன் காரை இடித்தான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மனைவி போன பிறகு அந்த வீட்டில் பகலில் அவர் ஒருவர்தான். ஆனால் தனியாக இருப்பதாக ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

டேவான் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். எப்போதாவது ஒரு பிறந்தநாள், யாருக்காவது பதினாறாம் நாள் சாப்பாடு. அதைப் பாலர் பள்ளியாக மாற்றலாம் என்று குடியிருப்பாளர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. நடத்தப் போவது வேறு யாருமில்லை, ஐயாசாமியின் மருமகள் சந்திரமதி. சிங்கப்பூர் தொழிற்சாலை வேலைக்கு இருட்டோடு பஸ் ஏறிப் போய், பொழுது சாயும்போது திரும்புகிறவள். அந்த அலைச்சலுக்கு நடுவிலும் லீவு நாட்களில் வகுப்புக்குப் போய்ப் பாலர் பள்ளி ஆசிரியர் படிப்பை முடித்திருந்தாள். மகன் தீபன் லாரிக்காரன், வாரத்தில் பாதி நாள் குவாந்தான் பக்கம். டேவான் கிடைத்தால் அவள் இனி சிங்கப்பூர்ப் பாலம் தாண்ட வேண்டாம். முனிசிபலும் முடியாது என்று சொல்லவில்லை. காலையில் பிள்ளைகளை இறக்க இத்தனை கார் வந்தால் இந்தச் சின்ன ரோடு தாங்குமா, அதை முதலில் பார்த்துச் சொல்லுங்கள் என்றது. அதைப் பார்க்கத்தான் மஞ்சள் சட்டைக்காரி வந்திருந்தாள்.

சங்கத் தலைவர் தங்கராஜு முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போனார். "அண்ணே, நாளைக்கு ரோடு காலியா இருக்கணும். எல்லாரும் கார பின்னால ரோட்டுல போட்டுடறாங்க. நீங்க ஒரே ஒரு உதவி பண்ணணும். கறிவேப்பிலைக்கு யாரையும் நிக்க விடாதீங்க."

"நான் எப்படா நிக்கச் சொன்னேன்?"

"நீங்க சொல்லலண்ணே. திட்டுறீங்க. அதக் கேக்கத்தான் நிக்கிறானுங்க."

ஐயாசாமி மறுநாள் காலையில் எழுந்ததும் பச்சை நைலான் கயிற்றை எடுத்து மரத்தைச் சுற்றிக் கட்டினார். கையில் ஒரு குச்சியும் வைத்துக்கொண்டு வேலி ஓரமாக நாற்காலியைப் போட்டார்.

முதலில் வந்தவள் சாந்தினி. எப்போதும் கிள்ளிக்கொண்டு நிற்காமல் போகிறவள். கயிற்றைப் பார்த்ததும் மோட்டாரை அணைத்தே விட்டாள். "என்ன தாத்தா, மரத்துக்கு என்ன ஆச்சு? மருந்து அடிச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் ஆகல. இன்னிக்கு இல்ல. போ."

"ஏன் இல்ல?"

"இல்லன்னா இல்ல. போன்னு சொல்றேன்லா!"

அதற்குள் அவள் பின்னால் இன்னொரு மோட்டார் நின்றது. தாத்தாவுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று அவனும் இறங்கினான். மூன்றாவதாக வந்தவன், மரத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள், அம்மன் இறங்கிவிட்டதோ என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினான். ஐயாசாமி எழுந்து குச்சியை ஆட்டினார். "ஏய், செருப்பப் போடுடா! போங்கடா எல்லாரும்!" அவர் சத்தம் போடப் போட, காரைப் பின்னால் போட்டுவிட்டு வீட்டில் இருந்தவர்களும், காலி ரோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வெளியே வந்தார்கள். பெரிய ரோட்டிலிருந்து வந்த ரொட்டி வேன் வளைவில் திரும்ப முடியாமல் ஹார்ன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு கார், அதற்கும் பின்னால் கேஸ் சிலிண்டர் லாரி. தங்கராஜு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, "அலமாக், அண்ணே!" என்று தலையில் கை வைத்தார். கேமரா முக்காலியில் ஆடாமல் அசையாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் ரோட்டைக் கடந்து வந்தாள். "ஐயா, நான் ஆப்ரின். கொஞ்சம் பேசலாமா?"

"பேச ஒண்ணுமில்ல. இந்த ரோட்டுல வண்டியே வராது. எழுதிக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. "பின்னால ரோட்டுல ரெண்டு வரிசையா கார் நிக்குது ஐயா. நான் அந்த வழியாத்தான் வந்தேன். இன்னொரு நாள் சொல்லாம வந்து பார்ப்பேன்."

ஐயாசாமி குச்சியைக் கீழே வைத்தார். "நீ யாரு மக?"

"அப்துல் ஹலீம் மக. எங்க அத்தா குளுவாங்ல மளிகைக் கடை வச்சிருக்காங்க."

"ம். அதான் பேச்சு வெடுக்குன்னு இருக்கு."

"கார் கூடுதுன்னு பயமில்ல ஐயா" என்றாள் அவள். "டேவானுக்கு ரெண்டு கேட் இருக்கு. ஒண்ணுல உள்ள விட்டு இன்னொண்ணுல வெளிய விட்டா ரோட்டுல யாரும் நிக்க வேணாம். அதுக்கு வழி இருக்கு. இந்த வளைவுக்குத்தான் வழி இல்ல. மரம் மறைக்குது."

"முப்பது வருஷமா மறைக்காதது இன்னிக்கு மறைக்குதா?"

"என்னை நம்ப வேணாம். என் கார்ல உக்காந்து பாருங்க."

நம்ப வேண்டாம் என்று சொன்ன அளவுக்காரியை அவர் அதுவரை கண்டதில்லை. அதற்காகத்தான் எழுந்து போனார். அவள் காரை வளைவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஓட்டுகிற இடத்தில் அவரை உட்கார வைத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் வாழ்க்கையில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. ஆப்ரின் மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். மஞ்சள் சட்டை கொஞ்ச நேரம் இலைகளுக்கு இடையில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

"எங்க போன?" என்று கத்தினார்.

"இங்கதான் ஐயா இருக்கேன். ரோட்டோரத்துல."

குரல் பக்கத்தில் கேட்டது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்போல இருந்தது. அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். பச்சையைத் தவிர ஒன்றுமில்லை. காரை விட்டு இறங்கி நடந்து போனார். அவள் ரோட்டின் விளிம்பில் குந்தியிருந்தாள். அவள் தலை அவர் இடுப்புக்குத்தான் வந்தது. நாலு வயசுப் பிள்ளை அவ்வளவுதான் இருக்கும். ஐயாசாமி அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மரத்தப் பத்தி எழுதுவேன் ஐயா" என்றாள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே. "எழுதாம இருக்க முடியாது. மரம் இப்படியே இருந்தா பாலர் பள்ளி வேணாம்னுதான் எழுதணும்."

"மத்தவனெல்லாம் சிரிச்சுட்டுப் போயி எழுதுவான். நீ மொகத்துக்கு நேரா சொல்ற" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கொப்பி குடிக்கிறியா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான், தான் கேட்டது அவருக்கே உறைத்தது.

பொழுது சாய்ந்து சந்திரமதி வந்தாள். தங்கராஜு அவளுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். காலணியைக் கழற்றி, சோற்றைப் போட்டுக்கொண்டு போர்ச் படியிலேயே உட்கார்ந்தாள்.

"மரத்த வெட்ட வேணாம் மாமா. வேற இடம் பார்க்கலாம்."

"எங்க, நிலாவுலயா?"

"உங்களுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

"எனக்கென்ன, இலையா இல்ல? கடையில விக்கிறான்."

அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், பேச்சு இலையைப் பற்றி இல்லை என்று. மரம் போனால் எவன் நிற்பான்? நிற்காதவனை எப்படித் திட்டுவது? காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சொல்லலாமா என்று அவர் திரும்பியபோது, சந்திரமதி தட்டை மடியில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. ஐயாசாமி தட்டை மெல்ல எடுத்துக் கீழே வைத்தார். அவளை எழுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டு அவரே இறங்கினார். யாரையும் கூப்பிடவில்லை. முதல் கிளை விழுந்ததுமே வாசம் தாமான் முழுக்கப் போய்விட்டது. அது கூப்பிட வேண்டியவர்களையெல்லாம் கூப்பிட்டது. தங்கராஜு மண்வெட்டியோடு வந்தார். கன்றுகளை வேரோடு பறித்து, கேட்டவர்களுக்கெல்லாம் பையில் போட்டுக் கொடுத்தார். மோட்டாரிலும் காரிலும் வந்தவர்கள் கிளை கிளையாக ஏற்றிக்கொண்டார்கள். வளைவில் மறுபடியும் ஒரு ஜாம்.

"இனிமே ரசத்துக்கு எங்க தாத்தா போறது?" என்றாள் சாந்தினி.

"அதான் கன்னு குடுத்துருக்குல்ல? தண்ணி ஊத்து. சாகடிச்சுட்டு வந்து நின்னே, ஒதைப்பேன்."

அடிமரம் விழுந்தபோது மட்டும் ஐயாசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வெளிச்சம் திடீரென்று போர்ச்சுக்குள் வந்து அவர் காலில் விழுந்தது. கண் கூசியது.

மறுநாள் காலை மோட்டார்கள் நிற்காமல் போயின. ஒன்று, இன்னொன்று. கை தூக்கிவிட்டுப் போனார்கள். ஐயாசாமி நாற்காலியை இந்தப் பக்கம் போட்டார், அந்தப் பக்கம் போட்டார். எங்கே போட்டாலும் நீளமாக ரோடுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சாந்தினி வந்தாள். வழக்கமான இடத்தில் காலை ஊன்றினாள். கிள்ள ஒன்றுமில்லை.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல தாத்தா. பழக்கத்துல நின்னுட்டேன்."

"வளைவுல நிக்காத, அறிவு இருக்கா! கேட் தொறந்துதான் கெடக்கு. உள்ள கொண்டுவந்து நிறுத்து!"

அவள் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் வீட்டுக் கன்றுக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றுவது, மாட்டுச் சாணம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். இதுகூடத் தெரியாதா என்று ஐயாசாமி ஆரம்பித்தார். அவள் கிளம்ப வெகுநேரம் ஆனது.

முனிசிபல் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆப்ரின் மட்டும் சொன்னபடி சொல்லாமல் ஒருநாள் வந்து கேமராவை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். கொப்பியும் குடித்தாள். எழுதப் போவதை அன்றைக்கும் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "என் பக்கத்துலேர்ந்து தடை இல்ல ஐயா. கையெழுத்துப் போடறது அவங்க." அவங்க என்றால் யார் என்று ஐயாசாமி கேட்கவில்லை. அவங்களை அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் தொழிற்சாலை பஸ் பெரிய ரோட்டில் நின்றது. மரம் இருந்தபோது சந்திரமதி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டுத்தான் வந்துவிட்டாள் என்று தெரியும். இப்போது அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தெரிந்தது. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. டேவான் வாசலில் நின்றாள். பூட்டிய கேட்டில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். பிறகு திரும்பி ரோட்டின் விளிம்புக்கு வந்தாள். ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. இருந்தும் வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், மறுபடியும் வலப்பக்கம் பார்த்தாள். ஒரு கையைப் பின்னால் கொஞ்சம் தாழ்த்தி நீட்டி, ஒரு சின்னக் கையைப் பிடித்திருப்பதுபோல விரல்களை லேசாக மடக்கி, தன் நடையைச் சின்னச் சின்ன எட்டாகக் குறைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.