அப்பாவுக்கு வந்த நேர்காணல்

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வீட்டார் நான்கு பேரும் கூடியிருந்தார்கள். ஜன்னல் பக்கம் அப்பா. வழக்கமாகச் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு பாதி மேஜையைப் பிடித்துக்கொள்பவர், அன்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே சின்னவள், ஒரு காலை மடித்து நாற்காலியில் போட்டபடி. அடுப்பை எட்டிப் பார்க்க வசதியான இடத்தில் அம்மா, மடியில் பட்டாணித் தட்டு. நான்காவது நாற்காலியைத் துவைத்த துணிகள் பிடித்துக்கொண்டதால் அக்கா ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றாள். மருந்துக்கடையில் நாளெல்லாம் நிற்கிறவளுக்கு அது ஒரு பொருட்டில்லை.

அவள் கையில்தான் அந்தக் கடிதம் இருந்தது.

"அன்புள்ள ஐயா," என்று மூன்றாவது முறையாக வாசித்தாள். "முதலாண்டு மாணவர் ஒருவரிடமிருந்து இப்படியொரு விண்ணப்பம் எங்களுக்கு இதுவரை வந்ததில்லை. வரும் புதன்கிழமை நேர்காணலுக்கு வரவும்." கடிதத்தைத் தாழ்த்திவிட்டு, "ஏன்ப்பா, புதன்கிழமை லீவு சொல்லிட்டீங்களா? என் காலேஜ் பை பரண்லதான் இருக்கு, எடுத்துத் தரவா?"

"சும்மா இருடி," என்றாள் அம்மா. "மனுஷன் நேத்துலேர்ந்து சரியா சாப்பிடவே இல்ல."

நடந்தது இதுதான். சின்னவள் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்றில் இன்டர்ன்ஷிப் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் எழுதிப் பார்த்தாள். மூன்றாம் ஆண்டு வந்த பிறகு விண்ணப்பியுங்கள் என்று ஒரே அச்சில் வார்த்த பதில்கள் வந்தன. கல்லூரி சீனியர் ஒருத்திதான் வழி சொன்னாள்: "மூணாம் வருஷம் போய் நின்னா, இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தேன்னு அவங்களே கேப்பாங்க. அதுக்கு ஒரு பதிலை இப்பவே தேடி வெச்சுக்கோ. சின்ன ஆபீஸா பாரு."

சின்ன ஆபீஸ் ஒன்று அகப்பட்டது. கண்ணாடிக்கடைக்கு மேல்மாடி, மொத்தமே மூன்று பேர், யார் எந்தப் பங்கை வாங்கலாம் என்று ஆலோசனை சொல்கிறவர்கள். முதலாண்டுக்காரர்களையும் சேர்ப்பார்கள். ஆனால் ஏதாவது ஒரு கம்பெனியின் கணக்கைப் பற்றி ஒரு பத்தியும் சேர்த்து, விண்ணப்பத்தைச் சொந்தக் கையால் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும்.

சின்னவளின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். போதாக்குறைக்குத் தேர்வு வாரம். "நீ படிம்மா, நான் பிரதி எடுத்து அனுப்பிடறேன்," என்றார் அப்பா. யார் எழுதினால் என்ன என்று அவளும் விட்டுவிட்டாள். அப்பா குடிநீர் வாரியத்தில் கடிதப் பிரிவு. இத்தனை வருடங்களாக அவர் கையால் எழுதிய எந்தக் கடிதமும் அவர் கையொப்பம் இல்லாமல் வெளியே போனதில்லை. இதுவும் போகவில்லை. கீழே தன் பெயரை வேறு அடைப்புக்குறிக்குள் பளிச்சென்று போட்டிருந்தார்.

"போன் பண்ணிச் சொல்லிடேன்," என்றாள் அம்மா சின்னவளிடம்.

"பண்ணியாச்சும்மா. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. சனி, ஞாயிறு யாரும் இல்ல போல."

"நேரா போய் நில்லு," என்றாள் அக்கா. "பேரு மாறிப்போச்சுன்னு மட்டும் சொல்லு. எழுதினது யாருன்னு வாயே திறக்காதே. அது ஒண்ணுக்காகவே கழிச்சுக் கட்டிடுவாங்க."

"வேண்டாம்," என்று அப்பா முதன்முறையாக வாயைத் திறந்தார். "தப்பு என்னோடது. நானே ஒரு விளக்கக் கடிதம் எழுதிடறேன்."

"இன்னொண்ணா!" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சின்னவளை அரித்தது வேறு. "அவங்களுக்குப் பிடிச்சதே உங்க எழுத்துதானேப்பா? ரொட்டிக் கம்பெனி பத்தி எழுதின பத்தியைப் பேசணும்னு போட்டிருக்காங்க. அதையும் நீங்க 'மேற்படி பொருள் தொடர்பாக'ன்னு மாத்தித்தானே இருப்பீங்க? நான் போய் என்னத்தைப் பேசறது?"

அப்பா எழுந்து உள்ளே போனார். எந்தக் கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வராது. அந்த நகலைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார்.

முதல் பத்தி முழுக்க அப்பா. "தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது." கடைசிப் பத்தியும் அவரேதான். நடுவில் மட்டும் அவள் எழுதியது எழுதியபடி இருந்தது: 'ரொட்டி நாலு நாளில் கெட்டுவிடும். ஆனால் இந்தக் கம்பெனியின் கணக்கில் ஒரு மாதத்துக்கான சரக்கு இருப்பு இருக்கிறது. அப்படியானால் அது ரொட்டியாக இருக்க முடியாது, மாவாகத்தான் இருக்கும். விலை ஏறும் என்று பயந்து முன்கூட்டியே வாங்கி அடுக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம்.'

"இதை ஏன்ப்பா விட்டுட்டீங்க?"

"மாத்திப் பார்த்தேன். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் கெட்டுப்போச்சு." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் கணக்கு புரியலம்மா. ஆனா படிச்சதும் கடையில போய் ரொட்டியைப் பார்க்கணும்போல இருந்துச்சு. அதுல நான் கை வைக்கக் கூடாதுன்னு தோணிச்சு."

அம்மா பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

சின்னவள் துணிக்குவியலுக்கு அடியிலிருந்து வெள்ளைத்தாளை உருவினாள். தன் பேனாவாலேயே எழுதினாள்.

'ஐயா, உங்களுக்கு வந்த விண்ணப்பம் என்னுடையது. பிரதி எடுத்ததும் கையொப்பமிட்டதும் என் அப்பா. சொந்தக் கையால் எழுத வேண்டும் என்று தெரிந்தும் அவரை எழுத விட்டது என் தவறு. என் எழுத்து எப்படி இருக்கும் என்பதை இப்போது பார்க்கிறீர்கள். ரொட்டிக் கம்பெனி பற்றிய பத்தி மட்டும் ஒரு சொல்கூட மாறாமல் நான் எழுதியது. அதைப் பேச நான் வரலாமா? கூடாது என்றால் அதற்கும் நன்றி. அடுத்த ஆண்டு மறுபடி எழுதுவேன்.'

அக்கா எட்டிப் பார்த்தாள். "எங்க கடைக்கு வர்ற மருந்துச்சீட்டே தேவலை."

"அப்பாவை மாட்டி விட்டுட்டியேடி," என்றாள் அம்மா.

"என்னையுந்தாம்மா மாட்டி விட்டிருக்கேன்."

"இருக்கட்டும், சரியாத்தான் எழுதியிருக்கா," என்றார் அப்பா. பிறகு மனம் கேட்காமல், "மேல ஒரு 'பணிவுடன்' மட்டும்..."

"அப்பா!"

"சரி, சரி. உன் இஷ்டம்."

தபால் நிலையம் மதியத்தோடு மூடிவிடும். அப்பாவும் சின்னவளும் வேக வேகமாக நடந்தார்கள். விரைவுத் தபால் ஜன்னலில் இருந்த பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விலாசமே தெரியலையே, படிச்சுச் சொல்லுங்க," என்றாள். சின்னவள் முகம் சிவக்கப் படித்துச் சொன்னாள்.

"அனுப்புறது யாரு?"

அப்பா பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் குனிந்தவர், சட்டென்று நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் அவள். உறையின் வாயை நாக்கால் தடவி, ஓரங்களை விரலால் அழுத்தி ஒட்டி, ஜன்னலுக்குள் நீட்டினாள். அந்தப் பெண் முத்திரையைக் குத்திக் கடிதத்தைச் சாக்குக்குள் போட்டாள்.