மண் நிரப்பிய பெட்டிகள்

பரீட்சை என்று சொன்னார்கள், ஆனால் எழுதுவதற்கு எதுவும் இருக்கவில்லை. கோப்ரல் அனுஷ்காவை முதலில் குழப்பியது அதுதான்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள் அவள். இராணுவத்தில் சேர்ந்த நாளிலிருந்து களஞ்சிய வேலைதான். அரிசி, டயர், கூடாரம், மருந்து என்று எது வந்தாலும் வாங்கி அடுக்கி வைக்க வேண்டும். கேட்ட இடத்துக்குக் கேட்ட நேரத்தில் அனுப்பிவைக்க வேண்டும். அந்த வேலைக்கு இப்போது சான்றிதழ் வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்திருந்தது. வழங்கல் பிரிவில் இருப்பவர்கள் தங்கள் வேலையைச் செய்து காட்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார். சான்றிதழ் கிடைத்தால் வெளிநாட்டு அமைதிப்படைக்குப் பெயர் கொடுக்கலாம். சேவையை விட்ட பிறகு கொழும்பில் பெரிய கம்பனிகளின் களஞ்சியங்களில் வேலை கேட்கலாம். அனுஷ்காவுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் வேண்டியிருந்தது.

"பெயிலானா திரும்ப எப்ப சேர் வெப்பீங்க?" என்று காலையிலேயே மதிப்பீட்டாளரிடம் கேட்டாள்.

அர்ஷாத் பதுளைக்காரர். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் படிப்பித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். மெலிந்த மனிதர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்.

"பெயில்னு இதுல ஒன்னும் இல்ல மிஸ். 'இன்னும் தேர்ச்சி இல்ல'ன்னு எழுதுவேன்."

"அப்ப பாஸ்?"

"பாஸும் இல்ல. 'தேர்ச்சி உண்டு'."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் தலையை ஆட்டினாள். பயிற்சி முடியும்வரை தான் வாயைத் திறக்கக்கூடாது, பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்கலாம், அதுவும் விதிதான் என்று சொல்லிவிட்டு அர்ஷாத் மூலையிலிருந்த கதிரையில் போய் உட்கார்ந்தார்.

பரீட்சைக்காக நடத்திய பயிற்சிக்குக் கொடுத்திருந்த கற்பனை இதுதான்: ஊவா மாகாணத்தில் கடும் மழை, பல இடங்களில் மண்சரிவு, முகாமிலிருந்து நிவாரணம் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பே எழுதி வைத்த கற்பனை. ஆனால் ஒரு வாரமாக வெளியே உண்மையாகவே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நாமுனுகுலை மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதபடி மூடிக் கிடந்தது. கற்பனை மழை எங்கே முடிகிறது, நிஜ மழை எங்கே தொடங்குகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பக்கத்து அறையில் கப்டனும் இரண்டு பேரும் இருந்துகொண்டு, பாதிக்கப்பட்ட ஊர்களிலிருந்து பேசுவதுபோல அவளுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அவள் விவரம் கேட்டு, திரும்ப அழைத்து உறுதிப்படுத்தி, என்ன பொருள், எவ்வளவு, எந்தப் பாதை என்று தீர்மானித்து லொறியை அனுப்ப வேண்டும். 'அரிசி', 'பருப்பு', 'பால்மா' என்று ஒட்டியிருந்த பெட்டிகளுக்குள் ஆற்று மண். பெட்டிகள் மட்டும்தான் பொய். லொறி, டீசல், பாதை, போய்ச் சேர வேண்டிய இடம் எல்லாம் உண்மை. முதல் லொறி ஹாலிஎல சந்திவரை போய்ப் பெட்டிகளை இறக்கி, ஏற்றி, திரும்பியும் வந்துவிட்டது.

பயிற்சி அழைப்பு என்றால் முதலில் 'பயிற்சி' என்ற சொல்லைச் சொல்ல வேண்டும் என்பது ஒழுங்கு. ஆனால் காலையில் வந்த அழைப்புகளில் இரண்டு அந்தச் சொல் இல்லாமலே வந்தன. மறந்துவிட்டார்களா, இல்லை அதுவும் ஒரு சோதனையா? அனுஷ்கா அர்ஷாத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்த அழைப்பு வந்தது.

"ஹலோ, ஆமிங்களா? தமிழ்ல பேசலாங்களா?"

பெண் குரல். மூச்சு வாங்கியது. பின்னால் பிள்ளைகள் அழும் சத்தமும் கேட்டது.

"பேசுங்க. யாரு, எங்கருந்து பேசுறீங்க?"

"நா மேனுஷாங்க மிஸ். எல்டன்ஹில் தோட்டத்துப் பிள்ளக்காம்பராவுல சின்னப் பிள்ளைங்களப் பாத்துக்குற வேல செய்றேன். கீழ் டிவிஷன்ல லயத்துக்குப் பின்னால மல எறங்கிருச்சு. எல்லாரையும் இங்க கூட்டியாந்து வெச்சிருக்கோம். குடிக்க ஒன்னும் இல்ல. கீழ ஆபீஸுக்கு எடுத்தா லைனே போகல. இந்த நம்பர்தான் செவுத்துல எழுதியிருந்துச்சு."

மதிப்பீட்டு அம்சங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களுடன் அவர்களுடைய மொழியிலேயே பேசித் தகவல் எடுப்பது. அதற்காகத் தோட்டத்திலிருந்தே யாரையோ தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்று அனுஷ்கா நினைத்தாள். நன்றாகத்தான் நடிக்கிறாள் என்றும் நினைத்தாள். பிள்ளைகளின் அழுகையைக்கூட எங்கோ பதிவுசெய்து வைத்திருப்பார்கள்போல.

"பதறாதீங்க மேனுஷா. நா கேக்குறதுக்கு ஒவ்வொன்னா பதில் சொல்லுங்க. எத்தன குடும்பம்?"

"ஒரு முப்பது இருக்குங்க."

"கைக்கொழந்த?"

"இருக்குங்க. நாலஞ்சு."

"லொறி வர்ற பாத நல்லாருக்கா?"

"மேல் பாத தெரியலங்க. பேக்டரி பக்கமா வந்தா வரலாம்."

"சரி. இந்த நம்பருக்கு நானே திரும்ப எடுக்குறேன். அதுவரைக்கும் வெச்சிருங்க."

ஒழுங்குப்படி திரும்ப எடுத்தாள். அதே குரல் பேசியது. உறுதியாயிற்று. சுவரிலிருந்த வரைபடத்தில் எல்டன்ஹில்லைத் தேடிப் பிடித்தாள். எத்தனை பேருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, ஒட்டியிருந்த பெயரைச் சரிபார்த்துப் பெட்டிகளை ஏற்றச் சொன்னாள். பால்மாப் பெட்டியைக் கூடுதலாகப் போடச் சொல்லவும் மறக்கவில்லை. ஷிபான் லொறியைக் கிளப்பினான்.

ஷிபானும் பதுளைப் பையன். அந்தப் பிரிவில் அவளோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள் என்பதால் யாரும் பக்கத்தில் இல்லாதபோது அக்கா என்றுதான் கூப்பிடுவான். பாதி வழியில் அவன் தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, மேல் பாதைல மண் சரிஞ்சு கெடக்கு. இதையும் நம்மாளுங்கதான் கொட்டி வெச்சாங்களா? ரெண்டு மரம் வேற விழுந்து கெடக்கு."

அனுஷ்கா கொஞ்சம் யோசித்தாள். ஒரு பரீட்சைக்காக இவ்வளவு செய்வார்களா?

"பேக்டரி பாதைல போ," என்றாள். மாற்றுப்பாதை காட்டுவதும் ஒரு மதிப்பீட்டு அம்சம்தான்.

அதன் பிறகு நெடுநேரம் எந்த அழைப்பும் வரவில்லை. அவள் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்திருப்பாள். தொலைபேசி மறுபடி அடித்தது.

"அக்கா." ஷிபானின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "இது பயிற்சி இல்லக்கா."

"என்னடா சொல்ற?"

"லயம் பாதிய காணோம். சனமெல்லாம் பிள்ளக்காம்பராவுல நனைஞ்சு போய் நிக்குது. நா எறங்குறதுக்குள்ள பொட்டிய ஒடைச்சிட்டாங்க. மண்ணப் பாத்துட்டு ஒரு அம்மா என் சட்டயப் பிடிச்சு, நம்ம வாயில மண்ணப் போட்டுட்டாங்கன்னு கத்துது. நா என்னான்னு சொல்றது?"

அனுஷ்காவுக்குக் காதில் விழுந்தது; மண்டையில் ஏறவில்லை. ஷிபானையும் நடிக்கச் சொல்லியிருக்கிறார்களோ என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்போலவும் இருந்தது.

"அக்கா, கேக்குதா? ஜெஸ்டின்னு ஒரு ஆளு, செவரு விழுந்து காலு நசுங்கிக் கெடக்காரு. பொட்டியெல்லாம் எறக்கிப் போட்டுட்டு அவர ஏத்திக்கிட்டு பதுள ஆஸ்பத்திரிக்குப் போகவா? நீங்க சொன்னாத்தான் போவேன்."

பயிற்சி லொறியைத் திசை திருப்ப அவளுக்கு அதிகாரம் இல்லை. கப்டனைக் கேட்க வேண்டும். இது எல்லாம் பயிற்சியாகவே இருந்துவிட்டால், கேட்காமல் அனுப்பியதற்கு 'இன்னும் இல்லை' விழும். நிஜமாக இருந்தால்?

"போ," என்றாள். "பாத்துப் போ."

தொலைபேசியை வைத்துவிட்டு அர்ஷாத்தின் பக்கம் திரும்பினாள். "சேர், நீங்க யாரையாவது பேசச் சொன்னீங்களா? தமிழ்ல, ஒரு பொம்பளய?"

பேசக்கூடாது என்ற விதி அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "நா சொல்லல மிஸ். கப்டன் ஏற்பாடு பண்ணியிருப்பார்னுதான் நெனச்சேன். நல்லா பண்ணிருக்காங்கன்னுகூட நெனச்சேன்."

அந்த நேரத்தில் யாரையும் அழைப்பு எடுக்கச் சொல்லவில்லை என்றார் பக்கத்து அறையிலிருந்து வந்த கப்டன். அப்படியானால் பேசியது யார் என்று அவர் அவளிடமே கேட்டார். பதில் கேட்ட பிறகு தொலைபேசியின் வயரைப் பிடித்துக்கொண்டு சுவர்வரை போனார். பயிற்சிக்காகக் கொண்டுவந்து வைத்த அந்தத் தொலைபேசி, அனர்த்த நேரத்தில் பொதுமக்கள் அழைக்கும் பழைய இணைப்பில்தான் இருந்தது. கழற்ற வேண்டியவர் யார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"நிஜக் களஞ்சியத்தைத் திற," என்று மட்டும் சிங்களத்தில் சொன்னார்.

திறந்தாள். காலையில் செய்ததையே மறுபடி செய்தாள். அரிசி, பருப்பு, பால்மா, தண்ணீர். ஆனால் இந்த முறை ஒட்டியிருந்த பெயரை அவளால் நம்ப முடியவில்லை. பெட்டி ஒவ்வொன்றையும் கத்தியால் கிழித்து, கையை உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான் ஏற்ற விட்டாள். அரிசியை அள்ளிப் பார்த்தபோதும், அது அரிசிதானா என்று விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. லொறியில் அவளும் ஏறினாள். யாரும் கூப்பிடாமலே அர்ஷாத்தும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு சேர்?"

"தெரியல மிஸ்," என்றார் அவர்.

பிள்ளைக்காம்பராவின் வாசலில் பெட்டிகள் உடைந்து கிடந்தன. மழையில் மண் கரைந்து படியெங்கும் வழிந்திருந்தது. மலையிலிருந்து வந்த மண் எது, முகாமிலிருந்து வந்த மண் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உடையாத பெட்டிகளின் மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஓர் இளம்பெண் தண்ணீர்ப் போத்தல்களை வாங்க வந்தாள். குரலைக் கேட்டதும் அவள்தான் மேனுஷா என்று தெரிந்துவிட்டது.

"மொதல்ல வந்தது மாறிப் போச்சுங்க," என்றாள் அனுஷ்கா. "பயிற்சிக்கு வெச்சிருந்த பொட்டி அது."

"பரவால்லைங்க மிஸ். மண்ணு எதுக்கு அனுப்பியிருக்காங்கன்னு எங்களுக்குத்தான் ஒன்னும் புரியல. மூட்ட கட்டித் தண்ணிய மறிக்கச் சொல்றாங்களோன்னு மாமா ஒருத்தர் கேட்டாரு."

சட்டையைப் பிடித்துக் கத்தினாள் என்று ஷிபான் சொன்ன அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். அனுஷ்கா பால்மாப் பக்கற்றை நீட்டியபோது அவள் உடனே வாங்கவில்லை. முனையைக் கடித்துப் பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேத்தியிடம் கொடுத்தாள். அனுஷ்காவுக்குக் கோபம் வரவில்லை. களஞ்சியத்தில் தானும் அதையேதான் செய்தோம் என்று நினைத்தபடி அடுத்தவர்களுக்குக் கொடுக்கப் போனாள்.

அன்று அந்த லயத்தில் உயிர் போகவில்லை. ஜெஸ்டினின் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று பதுளையில் முதலில் சொன்னார்கள். பிறகு எடுக்காமலே சரியாக்கினார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கால் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னதாக ஷிபான் வந்து சொன்னான்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. எல்லா அம்சங்களிலும் தேர்ச்சி உண்டு. ஒன்றில்கூட 'இன்னும் இல்லை' கிடையாது. அனுஷ்கா அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு அர்ஷாத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எப்படி சேர் குடுத்தீங்க?"

"நா பாக்க வேண்டியது எல்லாத்தையும் பாத்தேன் மிஸ். தகவல் எடுத்தீங்க, திரும்ப எடுத்து உறுதிப்படுத்துனீங்க, பாத மாத்துனீங்க. ஒன்னையும் விடல."

"மண்ணு போச்சே சேர்."

"அதுக்குப் படிவத்துல ஒரு கட்டம் இல்ல மிஸ். நானும் தேடிப் பாத்தேன்."

சான்றிதழை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அமைதிப்படைக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளன்று கொடுத்தாள். கொடுத்ததற்காக மகிழ்ச்சிப்படுவதா என்பது அன்றும் பிடிபடவில்லை.

விடுமுறையில் வீட்டுக்குப் போகிற வழியில் பதுளை பஸ் நிலையத்தில் மேனுஷாவைப் பார்த்தாள். சீருடை இல்லாமலும் மேனுஷா அடையாளம் கண்டுகொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஜெஸ்டின் மாமாவைக் காலில் கட்டு மாற்ற ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தாளாம். தோட்டத்துச் சனங்களைப் பாடசாலையில் தங்க வைத்திருக்கிறார்களாம், வீட்டுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம், எப்போது என்று தெரியாதாம்.

"மிஸ், ஒன்னு சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு நா ரொம்ப பயந்து போய்ட்டேன். நாலு எடத்துக்கு எடுத்தேன். எல்லாரும் பதறுனாங்க, இல்லன்னா ஏசுனாங்க. நீங்க மட்டுந்தான் அப்படி நெதானமா கேட்டீங்க. அந்த கொரலக் கேட்டப்புறந்தான் எனக்கு பயமே போச்சு. எப்படிங்க அப்படிப் பேச முடிஞ்சுச்சு?"

பசறை பஸ்ஸின் கண்டக்டர் ஆள் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தான். உன்னை நிஜம் என்று நான் நினைக்கவில்லை, அதனால்தான் முடிந்தது என்று சொல்ல அனுஷ்கா வாயெடுத்தாள். எதிரில் இருந்த முகம் அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தது. நிஜமென்று தெரிந்திருந்தால் தானும் மற்றவர்களைப்போலப் பதறியிருப்போமோ? அப்படிப் பதறியிருந்தால் அவளுக்கு நல்லதாக இருந்திருக்குமா, கெட்டதாகவா?

"எனக்கே வெளங்கல மேனுஷா," என்றாள்.

மேனுஷா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அனுஷ்காவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவளுக்கு ஜன்னலோரத்தில் இடம்பிடிக்க பஸ்ஸில் முன்னால் ஏறினாள்.