ஒன்பதாம் பக்கத்தில் இருவர்

ஹில்டா மார்ச்பேங்க் தன் நாவல்களில் கொன்ற ஊர்க்காரர்கள் யாரும் அதற்குப் பிறகு சாகவில்லை. இது முதலில் தெரியவந்தது தபால் நிலையத்து ஐவி கட்லர் விஷயத்தில். 1938-இல் வெளிவந்த ஹில்டாவின் முதல் துப்பறியும் நாவலில், ஆரஞ்சு ஜாமில் கலந்திருந்த எலிப்பாஷாணத்தைச் சாப்பிட்டு ஐவி இரண்டாம் அத்தியாயத்திலேயே இறந்துபோனார். நிஜத்தில் அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது, நெஞ்சில் தீராத சளி. சளியும் போகவில்லை, ஐவியும் போகவில்லை. தொண்ணூறு தாண்டியும் கவுண்டரில் உட்கார்ந்து தபால்தலை கிழித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு நாவலில் பியானோக் கம்பியால் கழுத்து நெரிக்கப்பட்ட கசாப்புக்காரர் நெட் த்ரப், போரின்போது தான் ஏறிய இரண்டு கப்பல்கள் மூழ்கிய பிறகும் வெறும் ஜலதோஷத்தோடு எங்கள் ஊரான தார்ன்பிக்குத் திரும்பி வந்து கடையைத் திறந்தார்.

எங்கள் லிங்கன்ஷயர்க்காரர்கள் அதிசயத்தைக் கண்டு வாயைப் பிளப்பதில்லை, வரிசையில் நிற்பார்கள். ஜூன் மாதத் தேவாலயத் திருவிழாவில், கேக் கடைக்கும் தேங்காயைப் பந்தால் அடித்து வீழ்த்தும் பந்தயத்துக்கும் நடுவே ஒரு மேசை போட்டு, அடுத்த புத்தகத்தில் யார் பிணம் என்று குலுக்கல் நடத்தினார்கள். சீட்டு விழுந்தவரிடம் ஹில்டா குறிப்பேட்டோடு போய், விஷமா, கத்தியா, படிக்கட்டில் தள்ளிவிடுவதா என்று விசாரிப்பார். பெண்கள் பெரும்பாலும் விஷம் கேட்டார்கள், கம்பளம் அழுக்காகாது என்பதால். குழி வெட்டுகிற பெர்சி வேலை குறைந்துபோய் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் வெங்காயம் பயிரிட்டார். நூறு வயதுக்காரர்களுக்கு அரண்மனையிலிருந்து வரும் வாழ்த்து, தபால்காரருக்குப் பால் பில் போல வழக்கமாகிவிட்டது. பாதிரியார் ஆஸ்வின் மட்டும் சீட்டு வாங்க மறுத்து, 1961 பிப்ரவரியில் நிமோனியா வந்து முறைப்படி இறந்தார். அவருடைய கொள்கைப் பிடிப்பை ஊரே பாராட்டியது, அந்த வருஷத்துச் சீட்டை வாங்கிக்கொண்டே.

காலை ஒன்பதிலிருந்து ஒன்றுவரை எழுத்து, ஆண்டுக்கு ஒரு நாவல். கை நடுங்காமல் ஊரில் முப்பத்தைந்து பேரைத் தீர்த்துக்கட்டிய ஹில்டாவால் ஒருவரை மட்டும் கொல்ல முடியவில்லை. அவர் கணவர் சிரில், மாட்டு வைத்தியர். நான்கு முறை ஆரம்பித்துப் பார்த்தார். பெயரை எழுதிய மாத்திரத்தில் எழுந்துபோய், சிரில் கேட்டுக்குள் வருகிறாரா என்று சமையலறை ஜன்னல் வழியே பார்ப்பார். வந்து உட்கார்ந்ததும் பெயரை மாற்றிவிடுவார். பசுக்களுக்குக் கிடைக்காத சலுகை தனக்கு எதற்கு என்று சொல்லி சிரிலும் சீட்டு வாங்கியதில்லை.

1973 மார்ச்சில் சிரிலின் இதயம் தளர்ந்தது. அறுவடைத் திருநாளைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் சொன்னார். ஹில்டா அழவில்லை. பென்சில்களைச் சீவி வைத்துக்கொண்டு ஆறே வாரத்தில் முப்பத்தாறாவது நாவலை எழுதி முடித்தார். அதன் ஒன்பதாம் பக்கத்தில், நூலகத்துச் சாய்வு நாற்காலியில் சிரில் விஷத் தேநீர் குடித்து இறந்துகிடந்தார். புத்தகம் கடைக்கு வந்தால்தான் பலிக்கும் என்பது ஊரறிந்தது. செப்டம்பரில் வெளியிடுவதாக லண்டன் பதிப்பகம் ஒப்புக்கொண்டது.

ஜூனில் அச்சுப் படிகள் வந்தன. படிகளைத் திருத்துவது எப்போதும் சிரிலின் வேலை. படுக்கையில் சாய்ந்தபடி படித்தவர், ஒன்பதாம் பக்கத்தில் தன் பெயரை அடித்துவிட்டு ரெஜினால்ட் என்று எழுதிவைத்தார். அப்படி யாரும் ஊரில் இல்லை. ஹில்டா பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்ன இது?"

"பிழை திருத்தம்."

"விளையாடாத சிரில். அறுவடை வரைக்கும்தான்னு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும்."

"தெரியும். புத்தகம் வந்தா நான் இருந்துடுவேன். நீ? உன்னை யாரு கொன்னு வச்சிருக்கா? நீ போன பிறகு நூறு வருஷம் நான் அந்த ஐவிகூட உட்கார்ந்து டீ குடிக்கணுமா? அவ போடற டீயை நீ குடிச்சிருக்கியா?"

முப்பத்தைந்து வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஹில்டா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்னை நானே எப்படிக் கொல்றது? அது போங்காட்டம். படிக்கிறவங்க மன்னிக்க மாட்டாங்க."

"பென்சிலை இங்க குடு கிழவி. நான் கொல்றேன்."

பசுக்களுக்கு மருந்துச் சீட்டு தவிர சிரில் அதுவரை எதுவும் எழுதியதில்லை. தன் பெயரை மறுபடி போட்டுவிட்டு, அதன் கீழே ஐந்து வரி எழுதினார். எதிர் நாற்காலியில் ஹில்டா, அதே கெண்டித் தேநீரால், நான்கு மணி பத்து நிமிடத்துக்கு இறந்திருந்தார். வலி இருந்ததற்கான அடையாளம் இல்லை. மாட்டு வைத்தியர்கள் முதலில் தொட்டுப் பார்க்கும் காதுகள் இன்னும் கதகதப்பாகவே இருந்தன. ஹில்டா அதை இரண்டு முறை படித்தார், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

லண்டனிலிருந்து பதிப்பாசிரியர் ஃபிஸ்க் தொலைபேசியில் கூப்பிட்டார். எழுதுகிறவரே ஒன்பதாம் பக்கத்தில் செத்துப்போனால் மீதியை யார் எழுதியது என்று வாசகர்கள் கேட்பார்களே என்று நெளிந்தார்.

"பத்தாம் பக்கம் உங்க கையிலதானே இருக்கு மிஸ்டர் ஃபிஸ்க்? அச்சடிங்க," என்று சொல்லிவிட்டு ஹில்டா போனை வைத்தார்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், தேவாலயத்துக்குக் கோதுமைக் கதிர்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில், சிரிலால் கரண்டியைத் தூக்க முடியவில்லை. வியாழக்கிழமை பத்தரை மணிக்கு லிங்கன் நகரத்துப் புத்தகக் கடைக்காரர் முதல் பிரதியைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவைத்தார். பத்து முப்பத்தொன்றுக்கு சிரில் தன் பூட்ஸ் எங்கே என்று கேட்டார். ஞாயிறன்று அறுவடை வழிபாட்டில் முன் வரிசையில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சுருதி விலகிப் பாடினார். பத்திரிகைகள் நாவலில் அந்த ஐந்து வரியைத்தான் தேர்ந்தெடுத்துப் புகழ்ந்தன. ஹில்டா ஒரு வாரம் கணவரோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது ஹில்டாவுக்கு நூற்றுப் பதினாறு, சிரிலுக்கு நூற்றுப் பத்தொன்பது. படுக்கையறை ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவதா, மூடிவிட்டுத் தூங்குவதா என்று கல்யாணமான முதல் வாரத்தில் அவர்களுக்குள் ஒரு சண்டை தொடங்கியது. அது இன்னும் தீரவில்லை. இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை, அவசரமும் இல்லை.