கோணவாயன்

இரும்புக் கூண்டுக்கு வெளியே ஃபிட்டர் காத்திருந்தான். உள்ளே கம்பெனியின் புது இன்ஜின் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கும் சின்ன இன்ஜின்தான். ஆனால் சிலிண்டர் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நின்றது. அப்படி வைத்தால் வெடிப்பின் வேகத்தில் இறங்கும் பிஸ்டன் சுவரில் அழுந்தி உரசாது என்பது இன்ஜினியரின் கணக்கு. ஆட்கள் அதற்குக் கோணவாயன் என்று பேர் வைத்திருந்தார்கள்.

கிரீச்சென்று இழுத்துக்கொண்டு இன்ஜின் நின்றது. மறுபடியும்!

"கோளாறு டிசைன்லயா, உன் கையிலயா?" மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சு, நீ வீட்டுக்குப் போயிடலாம்."

இன்ஜினியர் தன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார். ஃபிட்டருக்கு முகம் செத்துப்போனது.

கீறல் விழுந்த சிலிண்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போனது. வெளியிலிருந்து தேய்ந்து வரும் சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்யும் இடம் அது. அங்கே மிஷினில் நிற்பது அவன் மனைவி. அவள் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள்.

அன்று ராத்திரி அவன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, சிலிண்டரைப் புகைத்துளை எந்தப் பக்கம் பார்க்க மாட்டினீங்க?"

"ஜன்னல் பக்கம்தான். புகை வெளிய போக வேணாமா? எப்பவும் அப்படித்தானே மாட்டுறேன்."

"மத்த இன்ஜினுக்குச் சரி. இது கோணவாயனாச்சே! எங்ககிட்ட வர்றது எல்லாத்துலயும் புகைத்துளைக்கு எதிர்ச்சுவர்தான் தேஞ்சிருக்கும். இதுல துளை இருக்கிற பக்கமே கிழிச்சிருக்கு. சிலிண்டரையே திருப்பி மாட்டித் தொலைச்சிருக்கீங்க, தள்ளி நிக்க வேண்டிய பக்கம் மாறிப்போச்சு."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அடச்சே! எப்படித் திருப்பினாலும் போல்ட்டு உக்காந்துடுது, சனியன்." பிறகு அவளைப் பார்த்தான். "இது சரியா ஓடிட்டா சிலிண்டரே தேயாதும்மா. அப்புறம் உங்க ஷெட்டுக்கு ஏது வேலை?"

"அது தெரியாமலா சொல்றேன்? உங்களைத் துரத்திவிட்டா அது மட்டும் நல்லாவா இருக்கும்? சாப்பிடுங்க, ஆறிப்போகுது."



மறுநாள் அவன் சிலிண்டரைத் திருப்பி மாட்டி, புகைக்குழாயைச் சுற்றி வளைத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனான். இன்ஜின் நாள்கணக்கில் ஓடியது. பிரித்துப் பார்த்தபோது சுவரில் ஒரு கோடு இல்லை. மேனேஜர் இன்ஜினியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

புது இன்ஜின் விற்பனைக்குப் போனது. பழசைக் கொடுத்துவிட்டு எல்லாரும் இதையே வாங்க, சில வருஷத்தில் பக்கத்து ஷெட்டுக்கு வேலை வருவது நின்றது. "அவளை வேற பக்கம் மாத்திவிடுங்க சார்" என்று ஃபிட்டர் போய் நின்றான்.

"ஒரு வீட்டுக்கு ஒரு வேலை போதாதா?" என்றார் மேனேஜர்.

கடைசி நாள் அவள் வாசல் வழியாக வெளியே வந்தாள். அங்கே ஒரு மேஜைமேல் கோணவாயனின் சிலிண்டரைத் துடைத்துப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். உள்ளே விரலை விட்டுச் சுற்றிலும் தடவினாள். எங்கேயும் தட்டுப்படவில்லை. விரல் சுத்தமாகத்தான் வந்தது. பழக்கத்தில் இடுப்பில் செருகியிருந்த துணியை உருவித் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றான் வாட்ச்மேன். "அந்தத் துணி கம்பெனியோடது."

அவள் அதை மடித்துச் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.